கொழுப்பு மாத்திரை ரத்தத்தை இளக்குமா?

"கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் தண்ணியாகிவிடும், சின்னக் காயம் பட்டாலும் நிற்காது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. பல் பிடுங்கப் போகிற ஒருவர் இதை நம்பி கொலஸ்ட்ரால் மாத்திரையை நாலு நாள் நிறுத்துகிறார். உண்மையிலேயே ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் இன்னொரு மாத்திரையை விடாமல் விழுங்கிக்கொண்டு, அதைப் பற்றிப் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்காலியில் போய் உட்காருகிறார். இன்னொருவர் முழங்கையில் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, தன்னை மாரடைப்பிலிருந்து காத்துவந்த மாத்திரையையே விட்டுவிடுகிறார்.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் மருந்து எழுதும்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையும் பெரும்பாலும் ஒரே சீட்டில் வருகின்றன. ஒரே நோய்க்கு, ஒரே மருத்துவர், ஒரே நாளில் எழுதித் தருகிறார். ஒன்றின் குணத்தை மற்றதன் மேல் ஏற்றிப் பேசுவது பழகிப்போய்விட்டது. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

## ஓதம் ஏறிய சுவர்

ரத்தக்குழாயில் கொழுப்பு சேர்வதைத் தண்ணீர்க் குழாயில் அழுக்கு படிவதோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். அந்த ஒப்பீடு பாதிதான் சரி. கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்வதில்லை, குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகிறது. ஓதம் ஏறிய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் உள்ளே ஏறுகிறது, மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உப்புகிறது, ஒரு நாள் வெடிப்பு விடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் இப்படி உப்பி நிற்கும் பகுதியைக் கொழுப்புத் திட்டு என்று சொல்லலாம்.

மாரடைப்புகளில் பெரும்பாலானவை திட்டு வளர்ந்து வளர்ந்து குழாயை முழுக்க மூடுவதால் வருவதில்லை. திட்டின் மேல்பூச்சு வெடிக்கிறது. ரத்தம் அந்த வெடிப்பைக் காயம் என்று எடுத்துக்கொள்கிறது. விரல் அறுந்தால் என்ன செய்யுமோ அதையே குழாய்க்குள்ளும் செய்கிறது, அதாவது உறைந்து அடைக்கப் பார்க்கிறது. வெளிக்காயத்தில் உயிரைக் காக்கும் அதே வேலை இதயத்தின் குழாய்க்குள் நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

இப்போது இரண்டு மாத்திரைகளையும் பிரித்துப் பார்க்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை சுவரில் ஓதம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. உறைதலைத் தடுக்கும் மாத்திரை, வெடிப்பைக் கண்டதும் பூசி அடைக்க ஓடிவரும் ஆட்களின் கையைக் கட்டுகிறது. கை கட்டப்பட்ட ஆட்களால் வெளிக்காயத்தையும் சீக்கிரம் அடைக்க முடியாது. ரத்தக்கசிவு அபாயம் பிறக்கிற இடம் அதுதான்.

## விரல் அறுந்தால் ரத்தம் எப்படி நிற்கிறது?

காகிதம் விரலைக் கீறிவிடுகிறது. முதலில் அறுந்த குழாய் சுருங்குகிறது. அடுத்த சில நொடிகளில் தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. இவை ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய அணுத் துண்டுகள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. பிறகு சில நிமிடங்களில் உறைகாரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, ஃபைப்ரின் என்ற நாரினால் அந்த அடைப்பின் மேல் வலை பின்னுகின்றன. அடைப்பு இறுகுகிறது, ரத்தம் நிற்கிறது.

ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரலும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்பவை. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆஸ்பிரின் ஒரு முறை தொட்ட தட்டணு சாகும்வரை பழைய நிலைக்குத் திரும்பாது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே ரத்தம் பழையபடி உறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

வார்ஃபரின் அடுத்த கட்டத்தில், உறைகாரணிகளில் கைவைக்கிறது. உறைகாரணிகளில் நான்கைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினைப் பயன்படுத்த விடாது. அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டபிகட்ரான் போன்ற புதிய மருந்துகள் குறிப்பிட்ட ஓர் உறைகாரணியை நேரடியாக மடக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்து 'ரத்தம் இளக்கும் மாத்திரை' என்கிறோம். உண்மையில் ரத்தம் இளகுவதும் இல்லை, தண்ணீராவதும் இல்லை. அதன் கெட்டித்தன்மை அப்படியேதான் இருக்கிறது. உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடுகிறது.

## ஸ்டாட்டின் என்ன செய்கிறது?

கொலஸ்ட்ராலைக் குறைக்க மிக அதிகமாக எழுதப்படும் மருந்துக் குடும்பம் ஸ்டாட்டின். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், பிட்டவாஸ்டாட்டின் என்று பெயரின் வால் ஒன்றாகவே இருக்கும். அட்டையில் அந்த வாலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பச்சை நிறப் பூஞ்சை ஒன்றிலிருந்து இந்தக் குடும்பத்தின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் லோவாஸ்டாட்டின், 1987-இல் அமெரிக்காவில்.

நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலின் பங்கு பெரிது. அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கியமான படியை ஸ்டாட்டின் தடுக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல்கள் தேவைக்காக வெளியே கை நீட்டுகின்றன. ரத்தத்தில் எல்.டி.எல். என்ற பொட்டலங்களில் கொலஸ்ட்ரால் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் செல்லின் மேல் கூடுகின்றன. ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குகிறது, சுவருக்குள் புகுவதும் குறைகிறது, ஏற்கெனவே உள்ள திட்டின் மேல்பூச்சும் உறுதிப்படுகிறது.

இந்த வழி நெடுகப் பாருங்கள், தட்டணு எங்கும் வரவில்லை. ஸ்டாட்டினுக்கு உறைதலை லேசாகக் குறைக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. 17,802 பேரை வைத்து ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி.யைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. காலிலும் நுரையீரலிலும் சிரை ரத்தக்கட்டு வந்தவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்த குழுவில் 60 பேர், மருந்துக் குழுவில் 34 பேர். அதே ஆய்வில் ரத்தக்கசிவு இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ரத்தக்கட்டு குறைந்தது, ஆனால் ரத்தம் நிற்காமல் போகவில்லை.

இதுவரை: ஸ்டாட்டின் கல்லீரலில் வேலை செய்கிறது, ஆஸ்பிரினும் வார்ஃபரினும் உறைதலில் வேலை செய்கின்றன. ஸ்டாட்டினை மட்டும் எடுப்பவருக்குக் காயத்தில் ரத்தம் வழக்கம்போல நிற்கும்.

## பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. மூளை விஷயத்தில் ஓர் உண்மையான எச்சரிக்கை உண்டு. அதைச் சரியான அளவில் புரிந்துகொள்ள வேண்டும்.

பக்கவாதம் இரண்டு வகை. குழாய் அடைத்து மூளைக்கு ரத்தம் போகாமல் நிற்பது ஒன்று. குழாய் கிழிந்து மூளைக்குள் ரத்தம் கசிவது மற்றொன்று. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சமீபத்தில் பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 4,731 பேரில் பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி.யும், மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ 5 ஆண்டு கவனித்தார்கள். அடைப்பு வகைப் பக்கவாதம் போலி மாத்திரைக் குழுவில் 274 பேருக்கு, மருந்துக் குழுவில் 218 பேருக்கு. கசிவு வகை போலி மாத்திரைக் குழுவில் 33 பேருக்கு, மருந்துக் குழுவில் 55 பேருக்கு. வகை பிரிக்க முடியாதவற்றையும் சேர்த்து, ஒன்றுக்கு மேல் வந்தவரை ஒருமுறை மட்டும் எண்ணினால், பக்கவாதம் வந்தவர்கள் 311-லிருந்து 265 ஆகக் குறைந்தார்கள்.

மொத்தத்தில் லாபம், ஆனால் ஒரு மூலையில் நஷ்டம். அந்த 55-ஐ மட்டும் பிய்த்தெடுத்துச் சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அப்படித்தான் செய்தி பரவியது. எண்களைத் தந்த ஆய்வாளர்களே பிறகு, கசிவு யாருக்கு அதிகம் வந்தது என்று தோண்டிப் பார்த்தார்கள். ஏற்கெனவே மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், ஆண்கள், வயது கூடியவர்கள், ரத்த அழுத்தம் 160/100 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தவர்கள் என்று தெரிந்தது. இதில் அழுத்தத்தின் பங்குதான் மிகப் பெரியது. எல்.டி.எல். எவ்வளவு இறங்கியது என்பதற்கும் கசிவுக்கும் தொடர்பு தென்படவில்லை. பின்னால் வந்த ஊசி மருந்தான எவலோகுமாப், எல்.டி.எல்.லை 30 மி.கி. அளவுக்கே இறக்கியது, 27,564 பேர் கலந்துகொண்ட ஆய்வில் அப்போதும் மூளை ரத்தக்கசிவு கூடவில்லை.

அதுவரையிலான பெரிய ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏற்கெனவே ரத்தக்குழாய் நோய் உள்ள 10,000 பேர் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. போன்ற மருந்தை 5 ஆண்டு எடுத்து, எல்.டி.எல். சுமார் 77 மி.கி. குறைந்தால், ஏறத்தாழ 1,000 பேருக்கு மாரடைப்பு, அடைப்பு வகைப் பக்கவாதம், குழாய் அடைப்புக்கான சிகிச்சை போன்றவை தவிர்க்கப்படும். அதே 10,000 பேரில் 5 முதல் 10 பேருக்குக் கூடுதலாக மூளை ரத்தக்கசிவு வரலாம். ஆயிரத்துக்கு எதிரே ஐந்தோ பத்தோ.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. உங்களுக்கு ஒருமுறை மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால், ஸ்டாட்டினைத் தொடரலாமா என்பது பொதுக் கணக்கை வைத்து முடிவு செய்யக்கூடியது அல்ல. கசிவு மூளையின் எந்தப் பகுதியில் வந்தது, ஏன் வந்தது என்று ஸ்கேனைப் பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக: மூளைக் கசிவு அபாயம் மிகச் சிறியது, சிலரிடம் மட்டும் கூடுதலாகத் தெரிவது. அதைக் குறைக்க உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது.

## இரண்டு மருந்து மோதும் இடம்

நடைமுறையில் ரத்தக்கசிவு பெரும்பாலும் மருந்துகளின் கூட்டால்தான் வருகிறது. வார்ஃபரின் எடுப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

கல்லீரல் பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுகிறது. ஒரே கவுன்ட்டரில் இரண்டு வரிசை நின்றால் இரண்டுமே மெதுவாகத்தான் நகரும். சில ஸ்டாட்டின்கள் சேரும்போது வார்ஃபரின் வழக்கத்தைவிட அதிக நேரம் உடலில் தங்குகிறது. நீங்கள் மாத்திரை அளவைக் கூட்டவில்லை, ஆனாலும் கூடுதலாகச் சாப்பிட்டதைப் போன்ற விளைவு வருகிறது.

இதைக் காட்டிக்கொடுப்பது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். மருந்து எடுக்காதவருக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். வார்ஃபரின் எடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 2 முதல் 3. சில செயற்கை இதய வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5. இலக்கைத் தாண்டி எண் ஏறஏற ரத்தக்கசிவு வாய்ப்பும் ஏறும்.

ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், ஃபுளூவாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் ஆகியவை ஐ.என்.ஆரைக் கூட்டக்கூடியவை. அட்டோர்வாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின், பிட்டவாஸ்டாட்டின் ஆகியவற்றால் பெரிய மாற்றம் வருவதில்லை. எதுவாக இருந்தாலும் ஸ்டாட்டினைத் தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை, அளவை மாற்றினால் மறுபடி ஒருமுறை ஐ.என்.ஆர். பார்த்துவிடுவது பாதுகாப்பு. பலர் மறப்பது என்னவென்றால், ஸ்டாட்டினை நிறுத்தும்போதும் பார்க்க வேண்டும். நிறுத்தினால் எண் கீழே இறங்கி, ரத்தக்கட்டு உண்டாகும் ஆபத்து வரலாம்.

ஸ்டாட்டின் அல்லாத மருந்துகளில் ஃபீனோஃபைப்ரேட், ஜெம்ஃபைப்ரோசில் இரண்டையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பைக் குறைக்கத் தருபவை இவை. வார்ஃபரினோடு சேரும்போது ஸ்டாட்டினைவிடப் பலமாக ஐ.என்.ஆரை ஏற்றும். ஃபீனோஃபைப்ரேட் தொடங்கும்போது வார்ஃபரின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, பிறகு பரிசோதனையைப் பார்த்துச் சரிசெய்யும்படி அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் கொலஸ்டிரமின் தூள் வேறு விதம். அது குடலில் வார்ஃபரினையும் பிடித்துக்கொள்ளும், வைட்டமின் கே-யையும் பிடித்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் விழுங்க வேண்டும். நாளுக்கு 4 கிராம் என்ற பெரிய அளவில் மருந்தாகத் தரப்படும் ஒமேகா-3-யும் ரத்தக்கசிவைச் சற்றே கூட்டுகிறது.

வார்ஃபரினுக்குப் பதில் அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் எடுப்பவர்களுக்கு ஸ்டாட்டினால் இப்படிப்பட்ட தொல்லை பொதுவாக இல்லை. டபிகட்ரான் எடுப்பவருக்கு மட்டும் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டினைத் தவிர்த்து வேறொரு ஸ்டாட்டினைக் கேட்டுப் பெறுவது நல்லது.

## வலி மாத்திரை வழியாக வரும் கசிவு

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நடக்கிறது. ஸ்டாட்டின் எடுப்பவர் சிலருக்குத் தொடையிலும் தோளிலும் தசைவலி வரும். மருத்துவரிடம் சொல்லாமல் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறார். கூடவே ஆஸ்பிரினும் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வலி மாத்திரைகள் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் பொருளைக் குறைத்துப் புண்ணாக்குகின்றன; அந்தப் புண்ணில் கசியும் ரத்தத்தை உறையவிடாமல் ஆஸ்பிரின் தடுக்கிறது. சில வாரங்களில் மலம் கறுத்து, ஆள் வெளுத்துப்போய் மருத்துவமனைக்கு வருகிறார். வீட்டில் பழியெல்லாம் கொழுப்பு மாத்திரைக்குப் போகிறது.

தசைவலி வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டாட்டினின் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். தற்காலிகமாக வலிக்குப் பாராசிட்டமால் வயிற்றுக்குப் பாதுகாப்பானது. வார்ஃபரின் எடுப்பவர்கள் அதையும் நாளுக்கு 2 கிராம் அளவில் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

## ஒரே கேப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்து

ஆஸ்பிரினையும் ஸ்டாட்டினையும் ஒன்றாகச் சேர்த்த கேப்ஸ்யூல்கள் உண்டு. குளோப்பிடோக்ரலையும் சேர்த்து மூன்றாக வருபவையும் உண்டு. 'நான் கொழுப்பு மாத்திரை மட்டும்தான் எடுக்கிறேன்' என்று மனமாரச் சொல்பவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'ஆஸ்பிரின் 75 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி.' என்று இருக்கும். அவருக்குக் காயத்தில் ரத்தம் தாமதமாக நின்றால் அதற்குக் காரணம் முதல் பெயர், இரண்டாவது பெயர் அல்ல. அட்டையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்து விற்பனைப் பெயர் மட்டுமே. பின்பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். மருத்துவரிடம் போகும்போது நிறத்தையும் வடிவத்தையும் வைத்துச் சொல்ல வேண்டாம், அட்டையையே எடுத்துச் செல்லுங்கள்.

## பல் பிடுங்குவதற்கும் அறுவைக்கும் முன்

ஸ்டாட்டினை நிறுத்தத் தேவையில்லை. அறுவைச் சிகிச்சை நடக்கும் நாளன்றும் அதைத் தொடரச் சொல்வதே இன்று வழக்கம். இதய நோய் உள்ளவர் அந்த நேரத்தில் திடீரென்று விட்டால்தான் தொல்லை.

உறைதலைத் தடுக்கும் மருந்துகள் வேறு கணக்கு. பெரிய அறுவைக்கு முன் குளோப்பிடோக்ரலையும் வார்ஃபரினையும் சுமார் 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்க ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே செய்துவிடுவார்கள். குழியில் பஞ்சுத் துணியை வைத்து 20, 30 நிமிடம் விடாமல் கடித்துப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறைந்த கட்டி பிய்ந்து மறுபடி கசியும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், முக்கியமாக முதல் ஓராண்டுக்குள் இருப்பவர்கள், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட இந்த மாத்திரைகளை விடக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டினால் அது உயிரைப் பறிக்கும் மாரடைப்பு.

## எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும்?

இடித்த நினைவே இல்லாமல் முன்கையில் ஆங்காங்கே நீலம் பாய்வது, ஆஸ்பிரின் எடுக்கும் வயதானவர்களிடம் சாதாரணமாகக் காண்பது. தோல் மெலிந்துபோனதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் நீலம் வயிற்றிலும் முதுகிலும் பெரிது பெரிதாக வந்தாலோ, ஈறிலும் சிறுநீரிலும் சேர்ந்து ரத்தம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்பக்கமாகச் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அண்ணாந்து பார்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். அப்படிப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். தார் போலக் கறுத்து ஒட்டும், கடும் நாற்றமுள்ள மலம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, முன்பு ஒருபோதும் வராத திடீர்த் தலைவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சு குழறுதல், இவற்றில் எது வந்தாலும் அது அந்த நிமிடமே போக வேண்டிய அவசரம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்தாலும் மலம் கறுக்கும். அது தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது.

சிறுநீர் பால் கலக்காத கடுந்தேநீர் நிறத்தில், கரும்பழுப்பாகப் போவதைப் பார்த்து ரத்தம் போகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஸ்டாட்டின் எடுப்பவருக்குக் கடுமையான தசைவலியோடும் சோர்வோடும் இந்த நிறம் வந்தால், அது தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்குவதாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தைப் பாழாக்கக்கூடியது. வேறு ஒரு நோய்க்காகக் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைச் சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்து எடுக்கும்போது இதற்கான வாய்ப்பு கூடும். மருத்துவரைக் கேட்காமல் நீங்களே ஸ்டாட்டினை உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரே சமயம் இதுதான்.